வால்வு புதுசு, விசில் எங்கிருந்து?



இது நீளமான பதிவு. அடுப்பில் ஏதாவது வைத்திருந்தால் இறக்கி வைத்துவிட்டு வாருங்கள்.

எங்கள் கார் விஷயமாகப் போன மாதம் முழுக்க ஆளுக்கொரு யோசனை சொன்னீர்கள். "பழைய வண்டி, தள்ளிவிட்டுடுங்க அத்தை" என்றான் அண்ணன் மகன். "மெக்கானிக்கை மாத்துங்க டீச்சர்" என்று சென்னையிலிருந்தும் துபாயிலிருந்தும் பழைய மாணவர்கள் எழுதினார்கள். தனித்தனியாகப் பதில் எழுத முடியவில்லை. என்ன கோளாறு, அதை எப்படித் தேடினோம், எங்கே கிடைத்தது என்று இங்கே வரிசையாக எழுதுகிறேன். உங்களில் நிறையப் பேரிடம் எட்டு பத்து வருடமான பெட்ரோல் கார் இருக்கிறது. என்றைக்காவது உதவும்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. என் வீட்டுக்காரருக்கு வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ். கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். போகும்போது பஸ்ஸில்கூடப் போய்விடலாம். நாலு மணி நேரம் மெஷினில் இருந்துவிட்டுத் திரும்புகிற மனிதருக்குச் சாய்ந்து படுக்க ஒரு சீட் வேண்டும். மாதம் எட்டு ஒன்பது தடவை வாடகைக் கார் வைக்க என் ஓய்வூதியம் போதாது. அதனால் 2014-ல் வாங்கிய அந்தச் சின்ன கார் எங்களுக்கு ஆடம்பரம் இல்லை. ஓட்டுவது நான்தான்.

வண்டியைப் பார்ப்பவன் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவன். "பேரெல்லாம் போடாதீங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டான். அதனால் தம்பி என்றே எழுதுகிறேன். இரண்டு பையன்களை வைத்துக்கொண்டு ஒரு தகரக் கொட்டகையில் ஒர்க்‌ஷாப் நடத்துகிறான்.

முதலில் இருந்த கோளாறு இது: டேப்பட் கவரைச் சுற்றி எண்ணெய் கசிவு. ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் எண்ணெய்ப் பிசுக்கு. டிப் ஸ்டிக்கில் அளவு மெல்ல மெல்லக் குறைந்தது. தம்பி பார்த்துவிட்டு, "பி.சி.வி. வால்வு அடைச்சுப் போச்சு டீச்சர், இன்ஜின் மூச்சு விட முடியாம தவிக்குது" என்றான். வால்வு, அதிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ஓஸ், வால்வு உட்காரும் ரப்பர் வளையம் மூன்றையும் புதிதாகப் போட்டான்.

மூச்சு என்று அவன் சொன்னது சரியான சொல். பிஸ்டன் ஏறி இறங்கும்போது அதன் வளையங்களைத் தாண்டிக் கொஞ்சம் வாயு கீழே, எண்ணெய் இருக்கும் கிராங்க் கேஸுக்குள் இறங்கும். எவ்வளவு புதிய இன்ஜினாக இருந்தாலும் இது உண்டு. அந்த வாயுவில் எரியாத பெட்ரோலும் நீராவியும் கலந்திருக்கும். நீராவி எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். பெட்ரோலில் ஹைட்ரஜன் இருக்கிறது, அது எரிந்தால் தண்ணீர். 1 லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 1 லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. வகுப்பில் இதைச் சொன்னபோது நீங்கள் யாரும் நம்பவில்லை. கணக்குப் போட்டுக் காட்டினேன், நினைவிருக்கும். அதில் மிகப் பெரும்பகுதி சைலன்சர் வழியாகப் போய்விடும். ஒரு சிறு பங்கு எண்ணெய் இருக்கும் இடத்துக்கு வந்து சேரும். அதை வெளியேற்றாவிட்டால் எண்ணெய் கெட்டுச் சேறாகும். அழுத்தம் கூடி, எங்கே பலவீனமான பேக்கிங் இருக்கிறதோ அங்கே எண்ணெயைத் தள்ளும்.

பழைய காலத்து இன்ஜின்களில் இதற்கு ஒரு குழாய் மட்டும் இருந்தது. கீழ்நோக்கித் தொங்கும். வாயுவும் எண்ணெய்ப் புகையும் ரோட்டிலேயே போகும். பழைய லாரிக்கு அடியில் புகையும் சொட்டுமாக ஒரு குழாயைப் பார்த்திருப்பீர்கள், அதே ஏற்பாடு. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரைப் புகைமூட்டம் மூடியபோது, ஆரி ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியல் பேராசிரியர் அதன் காரணத்தைத் தேடினார். அதற்கு முன் அவர் அன்னாசிப் பழத்தின் மணம் எதனால் வருகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தவர். வண்டிகளிலிருந்தும் எண்ணெய் ஆலைகளிலிருந்தும் வரும் எரிபொருள் ஆவி, வெயிலில் மற்ற வாயுக்களோடு வினைபுரிந்து கண்ணை எரிக்கும் மூட்டமாகிறது என்று 1950-களின் தொடக்கத்தில் காட்டினார். கலிஃபோர்னியாவில் விற்ற 1961 மாடல் கார்களில் இந்தக் கிராங்க் கேஸ் வாயுவை மறுபடி இன்ஜினுக்கே அனுப்பி எரிக்கும் ஏற்பாடு வந்தது. 1963 மாடலிலிருந்து அமெரிக்கா முழுவதும் வந்தது. நம் வண்டியில் இருக்கும் கட்டைவிரல் அளவு வால்வுக்கு இவ்வளவு கதை.

அது வேலை செய்யும் விதம் தெரிந்தால்தான் மேலே சொல்லப்போவது புரியும். இரண்டு ஓஸ் உண்டு. ஒன்று, ஏர் ஃபில்டர் தாண்டி வரும் சுத்தமான காற்றில் கொஞ்சத்தை டேப்பட் கவருக்குள் கொண்டுவரும். இதை உள்மூச்சு ஓஸ் என்று வைத்துக்கொள்வோம். இன்னொன்று, டேப்பட் கவரின் மறுபக்கத்தில் வால்வு வழியாகப் புறப்பட்டு, இன்ஜின் உறிஞ்சும் இடத்துக்குப் போகும். இது வெளிமூச்சு ஓஸ். உள்ளே வந்த நல்ல காற்று, கெட்ட வாயுவைக் கூட்டிக்கொண்டு வெளியேறும். நடுவில் இருக்கும் வால்வு ஒரு காவல்காரன். ஐடிலிங்கில் இன்ஜினின் உறிஞ்சல் பலமாக இருக்கும்போது வழியைக் குறுக்கும், ஆக்சிலேட்டரை மிதித்ததும் உறிஞ்சல் குறையும், வழியை அகலத் திறக்கும்.

சரி, புதுசு போட்டாயிற்று. அடுத்த நாளே புதுக் கோளாறு. ஸ்டார்ட் செய்தால் ஐடிலிங் 1,300-க்கு ஏறுகிறது, 700-க்கு இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. பானட்டுக்குள்ளிருந்து மெல்லிய விசில் சத்தம். மூன்றாம் நாள் செக் இன்ஜின் விளக்கு எரிந்தது. வெள்ளிக்கிழமை தஞ்சாவூரிலிருந்து திரும்பும்போது, அய்யம்பேட்டை தாண்டி ஒரு வளைவில் வேகத்தைக் குறைத்தேன். வண்டி நின்றுவிட்டது. பின்னால் மணல் லாரி. இவர் பின்சீட்டில் கண்ணை மூடிப் படுத்திருந்தார். இரண்டாவது முறை சாவி திருப்பியதும் கிளம்பிவிட்டது. ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை.

மறுநாள் குடும்பத்தில் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. வால்வு போட்ட பிறகுதான் கோளாறு, ஆகவே வால்வு போட்டவன்தான் காரணம். அண்ணன் மகன் என்னை ஒரு பெரிய சர்வீஸ் நிலையத்துக்கு அழைத்துப் போனான். அவர்கள் கணினியைச் செருகிப் பார்த்துவிட்டுத் த்ராட்டில் பாடி, காற்றை அளக்கும் சென்சார் இரண்டையும் மாற்ற 28 ஆயிரம் ரூபாய் எஸ்டிமேட் கொடுத்தார்கள். இரண்டில் எது கெட்டது என்று கேட்டேன். "ரெண்டையும் மாத்திட்டா சரியாயிடும் மேடம்" என்றார் அந்தப் பையன். அது பதில் இல்லையே!

தம்பியிடம் வந்தேன். அவன் முகமே சரியில்லை. நம் உறவினர் ஒருவர் அவனுக்கு ஃபோன் செய்து ஏதோ சொல்லியிருக்கிறார். "டீச்சர், காசு எதுவும் வேணாம். நான் போட்டதைக் கழட்டிட்டுப் பழைய வால்வையே மாட்டித் தந்துடறேன். விசில் நின்னுடும்" என்றான். மாட்டியும் காட்டினான். உண்மைதான், விசில் நின்றது. ஐடிலிங் அசையாமல் நின்றது.

அங்கேயே விட்டிருந்தால் எல்லோருக்கும் திருப்தி. வண்டியும் ஓடியிருக்கும். ஆனால் அடைத்துக்கொண்ட வால்வைப் போட்டால் சரியாகிறது என்றால் என்ன பொருள்? மூக்கை அடைத்துக்கொண்டால் நாற்றம் போய்விட்டது என்பது போல. "தம்பி, புது வால்வையே திரும்பப் போடுப்பா. காத்து எங்கேருந்து வருதுன்னு பார்ப்போம்" என்றேன். எனக்கு வண்டி வேலை தெரியாது. தெரிந்தது ஆசிரியர் பயிற்சியில் படித்ததும், முப்பத்து நாலு வருடம் ஏழாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் நடத்திய அறிவியலும்தான். அவனுக்கு வண்டி தெரியும். இரண்டையும் சேர்த்துக்கொண்டோம்.

புடவைத் தலைப்பை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டேன். ஓடும் இன்ஜினில் பெல்ட்டும் ஃபேனும் சுற்றும். தலைமுடி, துப்பட்டா, தளர்ந்த சட்டைக்கை எதுவும் பக்கத்தில் போகக் கூடாது. இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஸ்கேனர். குறியீட்டை அழிப்பதற்கு முன் எழுதி வைக்க வேண்டும் என்பதில் தம்பி கறார். பி 0171 என்று வந்தது. பெட்ரோல் போதவில்லை, காற்று அதிகம் என்பது அதன் பொருள். பெட்ரோல் சரியாக எரிய 1 கிராமுக்கு ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். உள்ளே வரும் காற்றை ஒரு சென்சார் அளந்து சொல்கிறது, கணினி அதற்கேற்பப் பெட்ரோல் தெளிக்கிறது. அளவுக்கு வராமல் வேறு வழியாகக் காற்று புகுந்தால், அதற்கான பெட்ரோல் இருக்காது. சைலன்சர் பக்கத்து ஆக்சிஜன் சென்சார் அதைக் காட்டிக்கொடுக்கும். கணினி பெட்ரோலைக் கூட்டித் திருத்தும். எவ்வளவு திருத்துகிறது என்பது ஸ்கேனரில் சதவீதமாகத் தெரியும்.

ஐடிலிங்கில் 21 சதவீதம் கூட்டிக்கொண்டிருந்தது. ஆக்சிலேட்டரை மிதித்து 2,500 சுற்றில் வைத்தால் 5 சதவீதம்தான். இந்த இரண்டு எண்களும் பேசுகின்றன, கவனியுங்கள். ஒரு குடம் தண்ணீரில் ஒரு டம்ளர் உப்புநீர் விட்டால் கரிக்கும். அதே டம்ளரைத் தொட்டியில் விட்டால் தெரியாது. ஐடிலிங்கில் இன்ஜின் இழுப்பது குறைவான காற்று, அதில் திருட்டுக் காற்று பெரிய பங்கு. வேகத்தில் இழுப்பது அதிகம், அதில் அதே திருட்டு சிறிய பங்கு. பெட்ரோல் பம்ப் பலவீனம் என்றால் இது தலைகீழாக, வேகத்தில்தான் மோசமாக இருக்கும். ஆகவே ஒழுக்குதான், எங்கோ காற்று புகுகிறது. 28 ஆயிரம் ரூபாய் எஸ்டிமேட்டைப் பைக்குள் வைத்துவிட்டேன்.

அடுத்து, வெளிமூச்சு ஓஸைத் துணி சுற்றிய பிளையரால் மெதுவாக நெருக்கினான் தம்பி. விசில் நின்றது. ஐடிலிங் சரியானது. ஒர்க்‌ஷாப் பையன், "அப்போ வால்வுதான்ணே" என்றான். தம்பி வால்வைக் கழற்றிக் காதருகே ஆட்டிக் காட்டினான், கடகடவென்று உள்ளே அசைந்தது. இன்ஜின் பக்கத்திலிருந்து ஊதினால் காற்று போனது. எதிர்ப்பக்கத்திலிருந்து ஊதினால் அடைத்துக்கொண்டது. அப்படித்தான் இருக்க வேண்டும். இதே எண் போட்ட இன்னொரு புது வால்வு மாட்டினோம். அதே விசில்.

இங்கேதான் நான் வகுப்பில் கேட்பது போல ஒரு கேள்வி கேட்டேன். "வால்வு ஒரு கதவு. கதவு வழியா காத்து போகுது, சரி. அந்தக் காத்து வீட்டுக்குள்ள எப்படி வந்துச்சு?" உள்மூச்சு ஓஸ் வழியாக வந்திருந்தால் அது அளக்கப்பட்ட காற்று, சென்சாரைத் தாண்டித்தான் வந்திருக்கும். கணினி குறை சொல்லாது. அளக்கப்படாத காற்று என்றால் இன்ஜினின் உடம்பில் வேறு எங்கோ ஓட்டை.

ஐடிலிங்கில் ஆயில் மூடியைத் திறக்கப் போனோம். திறக்கவே வரவில்லை, உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது. திறந்து, வாயில் ஒரு நோட்டுத் தாளை வைத்தோம். சப்பென்று ஒட்டிக் குழியாக உள்வாங்கியது. லேசான உறிஞ்சல் இருக்க வேண்டும், தாள் மெதுவாக ஒட்ட வேண்டும். இது அளவுக்கு மீறியது. பழைய வால்வு இருந்தபோது இதே தாள் மேலே எகிறியது என்று தம்பி சொன்னான்.

பிறகு மூடியை மூடி, சோப்புத் தண்ணீர். பஞ்சர் கடையில் டியூபைத் தண்ணீரில் அழுத்தினால் குமிழி வெளியே வரும். இங்கே உறிஞ்சல் என்பதால் குமிழி வராது, சோப்புத் தண்ணீர் உள்ளே இழுபடும், அந்தக் கணம் சத்தம் மாறும். மூடியின் விளிம்பில் இரண்டு சொட்டு விட்டதும் விசில் விக்கியது. டிப் ஸ்டிக் செருகும் வாயில் விட்டதும் இன்னொரு விக்கல். இரண்டு இடத்திலும் ரப்பர் வளையம் கல் போல இறுகி, விரிசல் விட்டிருந்தது. (சிலர் இதற்கு எரியக்கூடிய ஸ்பிரே அடிப்பார்கள், ஊதுபத்திப் புகை காட்டுவார்கள். சூடான இன்ஜின், பெட்ரோல் ஆவி. வேண்டாம்.)

தம்பி முகத்தில் வெளிச்சம் வந்தது. அந்த இரண்டு வளையமும் வருடக்கணக்காகக் கெட்டுத்தான் இருந்திருக்கின்றன. பழைய வால்வு அடைத்திருந்தவரை உள்ளே அழுத்தம், அதனால் அதே ஓட்டைகள் வழியாக எண்ணெய் வெளியே கசிந்தது. புது வால்வு வந்து உறிஞ்சத் தொடங்கியதும் அதே ஓட்டைகள் வழியாகக் காற்று உள்ளே போனது. ஓட்டை ஒன்றுதான், திசை மாறிவிட்டது. "எழுபது ரூபா வளையம் டீச்சர், போட்டு முடிச்சுடலாம்" என்றான்.

எனக்கு அந்தத் தாள் குழிந்தது மனதில் உறுத்தியது. இரண்டு ஓட்டைகள் திறந்திருக்கும்போதே அவ்வளவு உறிஞ்சல் என்றால், அவற்றையும் அடைத்துவிட்டால்? நல்ல காற்று உள்மூச்சு ஓஸ் வழியாகத் தாராளமாக வந்தால் உறிஞ்சல் ஏன் இவ்வளவு ஏற வேண்டும்? அளந்து பார்த்துவிடுவோம் என்றேன்.

எதிர்வீட்டில் கட்டட வேலை நடந்தது. மேஸ்திரியிடம் மட்டம் பார்க்கும் தெளிவான குழாயை இரவல் வாங்கினேன். மூன்று மீட்டர். யு வடிவத்தில் ஒரு பலகையில் கட்டித் தொங்கவிட்டு, பாதிக்கு மஞ்சள் கலந்த தண்ணீர். ஏழாம் வகுப்பில் நாம் செய்த அதே அழுத்தமானி! ஒரு முனையை டிப் ஸ்டிக் குழாயின் வாயில் காற்றுப் புகாமல் மாட்டினோம். மறுமுனை திறந்தபடி. ஆயில் மூடி விளிம்பில் தற்காலிகமாகக் கிரீஸ் தடவினோம். குழாய் நீளமாகத் தொங்க வேண்டும், குட்டையாக இருந்தால் தண்ணீரை இன்ஜின் குடித்துவிடும்.

ஸ்டார்ட் செய்ததும் இன்ஜின் பக்கத்துத் தண்ணீர் ஏறியது, மறுபக்கம் இறங்கியது. 11 செ.மீ. ஏற்றம், 11 செ.மீ. இறக்கம், வித்தியாசம் 22 செ.மீ. காற்று மண்டலத்தின் முழு அழுத்தம் ஏறத்தாழ 10 மீட்டர் தண்ணீருக்குச் சமம். அதில் இது 2 சதவீதம். கேட்கச் சின்னதாக இருக்கிறது. ஆனால் இது போன்ற இன்ஜினில் சில செ.மீ. வந்தாலே போதும். 22 என்றால் சுற்றும் தண்டின் ஆயில் சீல் உதட்டை விலக்கிக் காற்றை உள்ளே இழுக்கும். அந்த சீல் போனால் கியர் பெட்டியை இறக்க வேண்டும். நாங்கள் எழுபது ரூபாய் வளையத்தோடு நின்றிருந்தால், அடுத்த பலவீனமான இடம் அதுவாகத்தான் இருந்திருக்கும். அதுவும் அய்யம்பேட்டை வளைவில்தான் என்று இல்லை, எங்கே வேண்டுமானாலும்.

கடைசிச் சோதனை மிக எளிது. உள்மூச்சு ஓஸைக் காற்றுக் குழாய்ப் பக்கம் கழற்றி, திறந்த துவாரத்தைத் துணியால் அடைத்துவிட்டு, ஓஸ் முனையில் கட்டைவிரலை வைத்தேன். உறிஞ்சல் தெரிய வேண்டும். ஒன்றுமே இல்லை. ஆயில் மூடியில் பலமான உறிஞ்சல், இந்த முனையில் பூஜ்யம். அப்படியானால் இரண்டுக்கும் நடுவில் அடைப்பு. ஓஸை முழுதும் கழற்றி ஊதினோம், தாராளமாகக் காற்று போனது. மிச்சம் இருப்பது டேப்பட் கவரின் உள்புறம் மட்டும்.

கவரைக் கழற்றினோம். அதன் உள்ளே, ஓஸ் சேரும் இடத்துக்குப் பின்னால், எண்ணெய் தெறித்து ஓஸில் ஏறாமல் தடுக்க ஒரு தகடு இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, ஓஸ் மாற்றுபவர் கண்ணுக்கும் படாது. அந்தத் தகட்டுக்குப் பின்னால் புளிக்கரைசலை வற்றக் காய்ச்சினாற்போல் கருப்புக் கூழ். எங்கள் வண்டி வீட்டுக்கும் பள்ளிக்கும் கடைத்தெருவுக்குமாகப் பல வருடம் ஓடிய வண்டி. சிறு சிறு தூரம் ஓடி நிற்கும் வண்டியில் இன்ஜின் முழுதாகச் சூடாவதற்குள் நிறுத்திவிடுவோம். நீராவி வெளியேறாமல் குளிர்ந்து எண்ணெயோடு கலக்கும். அந்தக் கூழ் உருவாவது இப்படித்தான்.

மண்ணெண்ணெயில் ஊறவைத்து, மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்து, காற்றடித்து, வழி தெளியும்வரை ஒரு முழு மாலை. புது டேப்பட் கவர் பேக்கிங், மூடி வளையம், டிப் ஸ்டிக் வளையம், புது இன்ஜின் ஆயில், ஃபில்டர். எல்லாம் சேர்த்து மூவாயிரத்துச் சொச்சம். குறியீட்டை அழித்துவிட்டு ஸ்டார்ட் செய்தோம். விசில் இல்லை. ஐடிலிங் முதல் சில நிமிடம் தயங்கியது. கணினி இத்தனை நாள் திருட்டுக் காற்றுக்குப் பழகியிருந்தது, புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டும். பிறகு 750-ல் நின்றது. மஞ்சள் தண்ணீரில் வித்தியாசம் 2 செ.மீ. இரண்டு தஞ்சாவூர்ப் பயணம் முடிந்து பார்த்தபோது பெட்ரோல் திருத்தம் 3 சதவீதம். அதன்பின் ஏழு தடவை போய்வந்துவிட்டோம். விளக்கு எரியவில்லை.

இனி நான் சொல்ல வந்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையைச் சிறுவயதில் எல்லோரும் கேட்டிருக்கிறோம். பின்னால் நடந்ததெல்லாம் அதனால் நடந்தது இல்லை என்று அதிலிருந்து கற்றோம். எங்கள் வண்டியின் கதை அதைவிடக் கொஞ்சம் சிக்கலானது. புது வால்வு போட்டதால்தான் விசில் வந்தது, இதில் சந்தேகம் இல்லை. கழற்றினால் நின்றது, மாட்டினால் வந்தது. ஆனாலும் வால்வில் குற்றம் இல்லை, போட்டவனிடமும் இல்லை. நன்றாக வேலை செய்யும் ஒரு பாகம் வந்து, வேலை செய்யாத இரண்டு பாகங்களைக் காட்டிக்கொடுத்தது. சோம்பலான வகுப்பில் ஒரு நல்ல மாணவன் வந்து சேர்ந்தால் நடப்பதும் இதுதான். அவன் வந்த பிறகுதான் தகராறு என்று அவனையே வெளியே அனுப்பச் சொல்வார்கள்.

தம்பியின் ஒர்க்‌ஷாப்புக்கு இந்த ஒரு மாதத்தில் நம் வட்டத்திலிருந்து போய்க்கொண்டிருந்த மூன்று வண்டிகள் போகவில்லை என்று கேள்விப்பட்டேன். யார் யார் என்று எனக்குத் தெரியும், இங்கே எழுதவில்லை. இந்தப் பதிவைப் படித்த பிறகு அடுத்த சர்வீஸுக்கு எங்கே போக வேண்டும் என்று நீங்களே முடிவு செய்யுங்கள். மேஸ்திரியின் குழாயைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. தம்பி தனக்கென்று நாலு மீட்டர் வாங்கிப் பலகையில் கட்டிச் சுவரில் மாட்டியிருக்கிறான்.

உங்கள் வண்டிக்கு, சுருக்கமாக:

1. பி.சி.வி. வால்வு மாற்றும்போது ஆயில் மூடி வளையத்தையும் டிப் ஸ்டிக் வளையத்தையும் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இறுகியிருந்தால் சேர்த்தே மாற்றிவிடுங்கள். வால்வு அதே எண் உள்ளதா என்றும் பாருங்கள். பார்க்க ஒன்று போலிருக்கும், உள்ளே விடும் காற்றின் அளவு வேறாக இருக்கும்.

2. வால்வு மட்டும் போதாது, உள்மூச்சு ஓஸ் வழியும் திறந்திருக்கிறதா என்று கட்டைவிரல் வைத்துப் பார்க்க வேண்டும்.

3. ஐடிலிங்கில் ஆயில் மூடியைத் திறந்து தாள் வையுங்கள். மெதுவாக ஒட்டினால் நலம். எகிறினால் வெளிவழி அடைப்பு, அல்லது பிஸ்டன் வளையம் தேய்ந்திருக்கலாம். பலமாக உள்வாங்கினால் உள்வழி அடைப்பு, அல்லது வால்வு திறந்தபடியே மாட்டிக்கொண்டிருக்கலாம். சில கார்களில் மூடியைத் திறந்ததுமே ஐடிலிங் ஆடும், அது இயல்பு. பயப்பட வேண்டாம்.

4. செக் இன்ஜின் குறியீட்டை எழுதி வைக்காமல் அழிக்க விடாதீர்கள். "எது கெட்டது, எப்படித் தெரிந்தது?" என்று கேளுங்கள். பதில் சொல்ல முடியாத இடத்தில் பாகம் மாற்றாதீர்கள்.

5. கடைத்தெருவுக்கு மட்டும் ஓடும் வண்டியை வாரம் ஒருமுறையாவது அரை மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டுங்கள். ஆயிலைக் கிலோமீட்டர் பார்த்து மட்டும் மாற்றாமல் மாதக் கணக்கும் பார்த்து மாற்றுங்கள்.

இவர் நலமாக இருக்கிறார். உங்கள் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார். தஞ்சாவூர் பக்கம் இருப்பவர்கள் செவ்வாய், வெள்ளியில் வந்தால் பார்க்கலாம். மெஷினில் இருக்கும் நாலு மணி நேரமும் அவருக்குப் பேச ஆள் வேண்டும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்